வெண்ணெய் இருந்தால் மட்டும் போதாது

மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் கூடவே ஓர் ஆறுதலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. புதிய ஆன்டிபயாட்டிக் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும், பணமும் மலைபோல் செலவாகும். எதற்கு அந்தப் பாடு? சர்க்கரைக்கும் குடற்புழுவுக்கும் தொழுநோய்க்கும் கொடுத்துப் பழகிய மாத்திரைகள் அலமாரியில் இருக்கின்றன. மஞ்சளும் பூண்டும் வேம்பும் கொல்லையில் இருக்கின்றன. அவற்றை எடுத்துக் கிருமிமேல் போட்டுப் பார்த்தால் ஆயிற்று. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்கிறார்கள். வாட்ஸ்அப் வைத்தியர்கள் மட்டும் இப்படிச் சொன்னால் விட்டுவிடலாம். பல்கலைக்கழகச் செய்திக்குறிப்புகளும் நாளிதழ்களின் அறிவியல் பக்கங்களும் இதையே சொல்கின்றன. கணினியை வைத்து மருந்து தேடுவோரின் விளம்பரங்களும் இதே பாட்டைத்தான் பாடுகின்றன. மலிவு, வேகம், பாதுகாப்பு என்று மூன்று வாக்குறுதிகள்.

மூன்றையும் நான் மறுக்கிறேன். பழைய மருந்துகளையும் தாவரப் பொருள்களையும் கிருமிகள்மேல் சோதிப்பது வீண் வேலை என்பது என் கட்சி இல்லை. அந்தச் சோதனை முடிகிற இடத்தில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. எல்லாம் முடிந்துவிட்டதாக நம்பவைக்கும் இந்தக் கருத்து, தொடங்கவேண்டிய வேலைக்குப் பணமும் ஆளும் போய்ச் சேராமல் தடுக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. 2019ஆம் ஆண்டில் மட்டும் பாக்டீரியாக்களின் மருந்தெதிர்ப்பு நேரடியாக 12.7 லட்சம் பேரைக் கொன்றது என்று 2022இல் லான்செட்டில் வந்த உலக மதிப்பீடு கணக்கிட்டது. அந்த எண்ணுக்கு முன்னால் ஆறுதல் மொழிகள் கொஞ்சம் கூச்சப்படவேண்டும்.

முதலில் அந்தச் சோதனை நடக்கும் ஆய்வகத் தட்டு. நம் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறைகளுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். ஓர் இலையைப் பறித்து நிழலில் உலர்த்திப் பொடித்து மெத்தனாலில் ஊறவைக்கிறார்கள். கிருமி பரப்பிய அகர் தட்டில் குழி போட்டுச் சாற்றை ஊற்றுகிறார்கள். மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம் தெரிகிறது. அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையில் ஏற்றுகிறார்கள். பக்கத்திலேயே ஒப்பீட்டுக்காக ஒரு சிப்ரோஃப்ளாக்சசின் வில்லை இருக்கும். அந்த வில்லையில் உள்ள மருந்து 5 மைக்ரோகிராம். குழிக்குள் போன இலைச்சாறோ பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கு. பல நூறு மடங்கு அதிகமாகக் கொட்டிவிட்டு, இரண்டு வட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு என்று மகிழ்வது சோதனை ஆகாது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினாலும் அருமையான வட்டம் வரும்.

தட்டில் இருக்கும் கிருமிக்குக் கல்லீரல் கிடையாது, சிறுநீரகம் கிடையாது. போட்ட மருந்து போட்ட இடத்திலேயே கிடக்கிறது. உடம்பில் அது குடலைக் கடக்கவேண்டும், கல்லீரல் சிதைத்தது போக மிஞ்சவேண்டும், ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளாமல் தனித்து நிற்கவேண்டும். பிறகு சீழுக்குள்ளோ, சிறுநீர்க் குழாயின் உட்புறத்தில் பிசின்போலப் படிந்திருக்கும் கிருமிப் படலத்துக்குள்ளோ போய்ச் சேரவேண்டும். இத்தனையையும் தாண்டி எவ்வளவு சேர்கிறது என்ற எண் இல்லாமல் வட்டத்தின் விட்டத்தை மட்டும் சொல்வது, நோயாளியின் பக்கம் திரும்பியே பார்க்காத அறிவியல்.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம், நம் உணர்ச்சி அதிகம் கலந்திருப்பது அதில்தான். மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டேஃபிலோகாக்கஸைத் தட்டில் தடுக்க ஒரு மில்லிலிட்டருக்கு மஞ்சளிலுள்ள குர்குமின் 125 முதல் 250 மைக்ரோகிராம் தேவைப்பட்டதாக ஆய்வுகள் உண்டு. மனித ரத்தத்தில் எவ்வளவு ஏறும்? வெறும் குர்குமினை விழுங்கினால் கண்டுபிடிப்பதே கடினம். உடனே மிளகு வாதம் வரும். மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் குர்குமின் உடலில் சேர்வது 20 மடங்கு கூடும் என்று 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வு காட்டியது, உண்மைதான். ஆனால் அதே ஆய்வில், இரண்டு கிராம் குர்குமினைப் பைப்பரினோடு சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் எட்டிய உச்சம் ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம்கூட இல்லை. அதுவும் சற்று நேரத்துக்கே. தேவைக்கும் கிடைப்பதற்கும் இடையே பல நூறு மடங்கு பள்ளம். பாலில் மிளகைத் தட்டிப் போட்டு அதை நிரப்ப முடியாது. பைப்பரின் கல்லீரலின் நொதிகளையும் தடுப்பதால் நோயாளி சாப்பிடும் வேறு மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறக்கூடும் என்பதை மிளகு வாதக்காரர்கள் சொல்வதே இல்லை.

இதற்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. குர்குமின் பல புரதங்களோடு கண்டபடி ஒட்டும், தானே ஒளிரும், சோதனைக் கரைசலிலேயே சிதையும். அதனால் பல ஆய்வகச் சோதனைகளில் மருந்துபோல நடித்துக் காட்டும். 2017இல் அமெரிக்க மருந்து வேதியியல் இதழ் ஒன்றில் மின்னசோட்டா பல்கலைக்கழக வேதியியலர்கள் இதை விரிவாக எழுதினார்கள். 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், மருந்துப்போலியோடு ஒப்பிட்டு முறையாக நடத்திய எதிலும் குர்குமின் வென்றதாகத் தெரியவில்லை என்பது அவர்கள் முடிவு. மஞ்சள் சாம்பாருக்கு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

பழைய மாத்திரைகளும் இதே தட்டில் ஏமாற்றுகின்றன. 2020 ஏப்ரலில் புழு மருந்தான ஐவர்மெக்டின் கொரோனா வைரஸைச் செல் வளர்ப்பில் அடக்கியதாக மெல்பர்னிலிருந்து செய்தி வந்தபோது, அங்கே பயன்படுத்திய செறிவு வழக்கமான டோஸில் மனித ரத்தத்தில் எட்டக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகம் என்று மருந்தியலர்கள் உடனேயே சொன்னார்கள். கேட்பார் இல்லை. அடுத்த ஆண்டே சயன்ஸ் இதழில் ஒரு விளக்கம் வந்தது. செல் வளர்ப்பில் கொரோனாவை அடக்கியதாக வரிசைகட்டிய பழைய மருந்துகள் பலவும் செல்லுக்குள் கொழுப்பைத் தேங்கச்செய்து அதன் ஒழுங்கைக் குலைத்தன. வைரஸ் குறைந்தது அதனால்தான். கிருமிக்கு எதிரான குறி எதுவும் அங்கே இல்லை.

இனி கொலிஸ்டின் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் "பழைய மருந்து, எல்லாம் தெரிந்த மருந்து" என்ற வாதத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு இல்லை. ஜப்பானில் 1940களின் இறுதியில் மண்வாழ் பாக்டீரியாவிலிருந்து கிடைத்த பொருள் இது. ஆக, இயற்கைப் பொருளும்கூட. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதால் 1970களில் மருத்துவர்கள் கைவிட்டார்கள். கார்பபெனெம் மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் ஐ.சி.யு.க்களில் பெருகியபோது வேறு வழியின்றி 1990களில் திரும்ப எடுத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, இந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்றே யாருக்கும் சரியாகத் தெரியாது என்பது. அது சந்தைக்கு வந்த காலத்தில், இன்றுள்ளதுபோல் டோஸ் ஆய்வு கேட்கும் ஒழுங்குமுறை இருக்கவில்லை.

குப்பியில் வருவது கொலிஸ்டினே இல்லை. உடலுக்குள் போய் மெல்ல மெல்லக் கொலிஸ்டினாக மாறும் ஒரு பொருள். அதன் அளவை ஒரு நாட்டில் யூனிட்டில் எழுதுகிறார்கள், இன்னொரு நாட்டில் மில்லிகிராமில். அந்த மில்லிகிராமும் இரண்டு விதம்: ஒரே பத்து லட்சம் யூனிட்டை ஒருவர் 80 மி.கி. என்பார், இன்னொருவர் சுமார் 33 மி.கி. என்பார், இருவரும் சரி. முதல் டோஸைப் பெரிதாகக் கொடுக்காவிட்டால் ரத்தத்தில் போதிய அளவு எட்ட இரண்டு மூன்று நாள் பிடிக்கும் என்பது 2009 வாக்கில்தான் தெளிவானது. ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிக்கு அந்த இரண்டு மூன்று நாள்தான் வாழ்வா சாவா என்ற நேரம். டோஸ் பற்றி நாடுகள் ஒத்துக்கொண்ட வழிகாட்டுதல் வந்தது 2019இல். மருந்து கிடைத்து எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு. அமெரிக்க ஆய்வகத் தரநிர்ணய அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. 2020இல் கொலிஸ்டினுக்கு "கிருமி மருந்துக்கு அடங்கும்" என்ற பிரிவையே நீக்கியது. அந்தத் தரத்தைப் பின்பற்றும் ஆய்வகத்தின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் இனி நடுத்தரம் அல்லது எதிர்ப்பு என்றுதான் வரும். இதையா வேகமான குறுக்குவழி என்கிறோம்?

கூட்டு மருந்தின் கதை இன்னும் கசப்பானது. கொலிஸ்டினோடு மெரோபெனெம் என்ற கார்பபெனெம் மருந்தைச் சேர்த்தால் இரண்டும் கைகோத்துக் கிருமியைக் கொல்கின்றன என்று ஆய்வகங்கள் திரும்பத் திரும்பக் காட்டின. அதை நம்பி உலகெங்கும் மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்தே கொடுத்துவந்தார்கள். இஸ்ரேல், கிரீஸ், இத்தாலி மருத்துவமனைகளில் 406 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தபோது, 28 நாளில் கொலிஸ்டின் மட்டும் பெற்றவர்களில் 43 விழுக்காட்டினரும் கூட்டு மருந்து பெற்றவர்களில் 45 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். 2018இல் வெளியான முடிவு இது. அவர்களில் பெரும்பாலோரைப் பீடித்திருந்தது அசினெட்டோபாக்டர். தட்டில் இந்த ஜோடி அழகாக வேலைசெய்து காட்டிய அதே கிருமி.

பாதுகாப்பு என்று இன்னொரு மந்திரம் சொல்கிறார்களே, அதையும் பார்த்துவிடலாம். லினசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக் 2000ஆம் ஆண்டிலிருந்து சந்தையில் இருக்கிறது, பாதுகாப்பு தெரிந்த மருந்துதான். ஆனால் தெரிந்தது 28 நாள் வரையிலான பாதுகாப்பு. மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு அதை ஆறு மாதம் கொடுக்கவேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் 109 பேரிடம் பெடாக்விலின், பிரிட்டோமனிட் ஆகிய காசநோய் மருந்துகளோடு நாளொன்றுக்கு 1200 மி.கி. லினசோலிட் கொடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள், அது பெரிய வெற்றி. ஆனால் 81 விழுக்காட்டினருக்குக் கைகால் நரம்புகள் பாதிக்கப்பட்டன. அத்தோடு விடாமல் அடுத்த சோதனையில் டோஸையும் கால அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 600 மி.கி. அளவில் 26 வாரம் கொடுத்தபோது தேறியவர்கள் 91 விழுக்காடு, நரம்புப் பாதிப்பு 24 விழுக்காடு. அந்த 600 என்ற எண் எந்தத் தட்டிலிருந்தும் வரவில்லை.

"இயற்கைப் பொருளுக்குக் கிருமி எதிர்ப்பு வளர்க்காது" என்று ஒரு நம்பிக்கை உண்டு. சித்த மருந்துக்கடை விளம்பரம் இதைச் சொன்னால் மன்னிக்கலாம், உயிரியல் படித்தவர் சொன்னால் மன்னிக்க முடியாது. பெனிசிலின் பூஞ்சையிலிருந்து வந்தது, ஸ்ட்ரெப்டோமைசின் மண் பாக்டீரியாவிலிருந்து, வான்கோமைசின் போர்னியோ மண்ணிலிருந்து. எதிர்ப்பு வராதது இவற்றில் எது? கனடாவின் யூக்கான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணிலிருந்து எடுத்த மரபுப் பொருளில் பெனிசிலின் வகைக்கும் டெட்ராசைக்ளினுக்கும் வான்கோமைசினுக்கும் எதிரான மரபணுக்கள் இருந்ததை 2011இல் நேச்சர் இதழ் வெளியிட்டது. மனிதன் மருந்து என்று ஒன்றை உருட்டத் தொடங்கும் முன்பே இந்தப் போர் நடந்துகொண்டிருக்கிறது. இயற்கைப் பொருள் என்றாலே கிருமிக்குப் பழக்கமான எதிரி என்றுதான் பொருள்.

கொலிஸ்டினும் தப்பவில்லை. சீனாவில் பன்றிகளைக் கொழுக்கவைக்கத் தீவனத்தில் கலந்தார்கள். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய எம்.சி.ஆர்-1 என்ற எதிர்ப்பு மரபணு அங்கே பன்றியிலும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிலும் இருப்பது 2015 நவம்பரில் தெரியவந்தது. பிறகு தேடிய கண்டமெல்லாம் கிடைத்தது. இந்தியா 2019 ஜூலையில்தான் கால்நடை, கோழி வளர்ப்பில் கொலிஸ்டினைத் தடைசெய்தது.

எதிர்த்தரப்பின் சிறந்த சாட்சி ஆர்டிமிசினின். கி.பி. நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவ நூல் ஒன்றின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு தூ யூயூ 1970களின் தொடக்கத்தில் மலேரியா மருந்தைக் கண்டார், 2015இல் நோபல் பெற்றார். இதைக் காட்டி "பார்த்தீர்களா, பாட்டி வைத்தியம்" என்கிறார்கள். பார்த்தேன். அவருடைய குழு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டியது. கொதிக்கவைத்தால் பொருள் கெடுகிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரில் வடித்தது. முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார்கள், பிறகு நோயாளிகளிடம் சோதித்தார்கள். பாட்டி தந்தது துப்பு. மருந்தாக்கியது அந்த உழைப்பு. அப்படியும் மேற்குக் கம்போடியாவில் மலேரியா ஒட்டுண்ணி ஆர்டிமிசினினுக்கு மெல்லவே அடங்குகிறது என்று 2009இல் தெரிந்தது. ஆர்டிமிசினின் கிடைக்கும் செடியின் இலையைத் தேநீராகக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் இன்றும் ஏற்கவில்லை. அரைகுறை டோஸ் நோயையும் தீர்க்காது, எதிர்ப்பையும் வளர்க்கும்.

கிருமிக்கென்று செய்யாத மாத்திரைகளும் கிருமிகளைத் தொட்டபடிதான் இருக்கின்றன. ஹைடல்பெர்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை நம் குடல்வாழ் பாக்டீரியாக்கள் நாற்பது வகைமேல் போட்டுப் பார்த்தபோது, மனித உடலைக் குறிவைத்துச் செய்த மருந்துகளில் 24 விழுக்காடு ஏதாவது ஒரு பாக்டீரியாவையாவது தடுத்தன. 2018இல் வந்த இந்த முடிவை "எத்தனை புதிய ஆயுதங்கள்!" என்று கொண்டாடியவர்கள் உண்டு. ஆய்வாளர்களின் கவலை வேறு: நாம் அன்றாடம் விழுங்கும் சாதாரண மாத்திரைகளே ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பைத் தூண்டிவிடக்கூடும். ஆஸ்பிரினின் உறவான சாலிசிலேட் பட்டாலே ஈ.கோலை பாக்டீரியா தன் பாதுகாப்பை முறுக்கிக்கொண்டு சில ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்க மறுக்கும் என்பது 1980களிலிருந்தே தெரிந்த சங்கதி. பழைய மருந்து கிருமிக்கு ஆயுதம் கொடுக்கவும் கூடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பழைய மருந்துகள் உயிர் காத்த இடத்தை மறைத்தால் நான் நேர்மையற்றவன். அந்த இடம் நம் சென்னையிலேயே இருக்கிறது. சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த ஆய்வில், கடும் மருந்தெதிர்ப்புள்ள காசநோயாளிகள் 165 பேருக்குப் பெடாக்விலின், டெலாமனிட் என்ற புதியவை இரண்டோடு, லினசோலிட், குளோஃபாசிமின் என்ற பழையவை இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். முடிவைக் கணக்கிட முடிந்தவர்களில் 91 விழுக்காட்டினர் தேறினார்கள். குளோஃபாசிமின் 1950களில் டப்ளினில் காசநோய்க்காகவே உருவாகி, அங்கே சோபிக்காமல் தொழுநோய்க்குப் போய், அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்த மருந்து. தோலைக் கருக்கவைக்கும். லினசோலிட் ரத்த உற்பத்தியைக் குறைத்தது, நரம்பைப் பாதித்தது. மாதாமாதம் ரத்தம் எடுத்து, டோஸைக் குறைத்து, தேவைப்பட்டால் நிறுத்தி, நோயாளியைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். குளோஃபாசிமின் அலமாரியில் கிடந்தது அரை நூற்றாண்டு. அதைப் பயனாக்கியது இந்தக் கவனிப்பு.

அதே நிறுவனத்தின் இன்னொரு சோதனை எனக்கு இதைவிடப் பிடித்தமானது, ஏனென்றால் அது தோற்றது. சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் எலிகளில் காசநோயை அடக்க உதவுகிறது என்று 2014இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. ஒரு மாத்திரை சில ரூபாய். எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும். கோடிக்கணக்கானோர் சாப்பிட்டுப் பழகியது. மலிவு, வேகம், பாதுகாப்பு மூன்றுக்கும் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சர்க்கரை நோய் இல்லாத காசநோயாளிகள் முந்நூறுக்கும் மேற்பட்டோரிடம், வழக்கமான மருந்துகளோடு மெட்ஃபார்மினைச் சேர்த்துச் சோதித்தார்கள். சளியில் கிருமி மறையும் வேகம் கூடவில்லை என்பதே 2022இல் வந்த விடை. அழற்சி குறைந்தது, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரைவாகத் தெளிந்தது. இவை மேற்கொண்டு ஆராயத் தக்கவை. ஆனால் கேட்ட கேள்விக்கு விடை, இல்லை. இந்த விடையைப் பெற்றது சாதனை. இல்லாவிட்டால் எலியை நம்பி ஊரெல்லாம் எழுதிக்கொடுத்துக்கொண்டிருப்போம்.

இந்த மரபு அங்கே பழையது. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைக்காமல் வீட்டிலிருந்தே குணப்படுத்த முடியும் என்று 1956இல் தொடங்கிய சென்னை ஆய்வு உலகுக்குக் காட்டியது. அதில் பயன்பட்ட ஐசோனயசிட் 1912இல் பிராகில் தயாரான ஒரு பொருள். அது காசநோயைக் கொல்லும் என்பது நாற்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது பணம். "மலிவான மருந்து என்பதால்தான் கம்பெனிகள் மறைக்கின்றன" என்பது இந்தக் கருத்தின் கோபமான முகம். இதில் பாதி உண்மை இருக்கிறது. காப்புரிமை தீர்ந்த மாத்திரைக்குச் சோதனை நடத்தக் கம்பெனிக்கு லாபம் இல்லை, எனவே நடத்துவதில்லை. மறைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சோதிக்காததால் விடையே இல்லை. புதிய மருந்துக்காரர்களும் இந்தத் துறையில் கொழிக்கவில்லை. பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு 2018 ஜூனில் அமெரிக்க அனுமதி பெற்ற அகேயோஜன் நிறுவனம் 2019 ஏப்ரலில் திவாலானது. பிரிட்டன் 2022இல் இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளுக்கு, எத்தனை குப்பி விற்றாலும் விற்காவிட்டாலும், தலா ஆண்டுக்கு ஒரு கோடி பவுண்டு வரை தருவதாக ஒப்பந்தம் போட்டது. அந்தப் பணம் புதிய மருந்துகளுக்கு. பழைய மருந்துக்கு அப்படி ஒப்பந்தம் போட எதிரே உட்கார ஆளே இல்லை.

மலிவு என்ற சொல் கெடுதல் செய்வது இங்கேதான். மாத்திரை மலிவு. அதை எவ்வளவு, எத்தனை நாள், எதோடு சேர்த்து, யாருக்குக் கொடுப்பது என்ற அறிவு எந்த மருந்துக்கும் ஒரே விலைதான், புதிதானாலும் பழையதானாலும். பழைய மருந்து என்றால் எல்லாம் தெரியும், மேற்கொண்டு செலவில்லை என்று சொல்லிச் சொல்லியே அந்த விலையைக் கொடுக்கவேண்டிய அரசுகளுக்கு நாம் விடுமுறை கொடுத்துவிட்டோம். கல்லூரிகளில் நூறாவது இலைக்கு நூற்றோராவது வட்டம் அளக்கப் பணம் கிடைக்கிறது. அந்த ஆய்வேடுகளில், கிருமியைத் தடுக்க எத்தனை மைக்ரோகிராம், மனித ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதவேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் ஒரே ஒரு விதி போட்டால் முக்கால்வாசி செய்திக்குறிப்புகள் நின்றுவிடும். மிச்சமிருக்கும் கால்வாசியைச் சோதிக்க நமக்குப் பணமும் போதும், ஆளும் போதும்.

கொலிஸ்டின் சோதனையை நடத்தியது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிப்பணம். அந்தக் கேள்விக்கு விடை காண 406 பேர் போதுமாக இருந்தார்கள். நம் ஐ.சி.யு.க்களில் கொலிஸ்டின் அன்றாடப் புழக்கத்தில் இருக்கும் மருந்து. ஒரு மருத்துவர் அதை மெரோபெனெமோடு தருகிறார், இன்னொருவர் டைஜிசைக்ளினோடு, மூன்றாமவர் மூன்றையும் சேர்த்து. யாருக்கு எது கொடுத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்பது அந்தந்தக் கேஸ் ஷீட்டோடு போய்விடுகிறது. குலுக்கிப் பிரித்து, எழுதிவைத்து, எண்ணிப் பார்க்க மட்டும்தான் பணம் இல்லை என்கிறோம்.